மடிக்கணினியின் நிலைபேறு: உலோகம், பிளாஸ்ரிக் பற்றிய ஒரு மதிப்பீடு

1

கொழும்பில் கல்வி பயிலும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் வாழ்வில் முதன்முதலாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பண்டம் பெரும்பாலும் மடிக்கணினியாகவே இருக்கின்றது. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவராயினும், கொட்டாஞ்சேனையில் பெற்றோருடன் வசிப்பவராயினும், பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவிலும் காலி வீதியோரத்திலும் உள்ள கணினிக் கடைகளை அவர் ஒருமுறையேனும் ஏறி இறங்கியே தீர்வர். விலை, வேகம், நினைவகம் என்பன பற்றிய பேச்சு முடிந்ததும் உரையாடல் ஓரிடத்தில் வந்து நிற்கும். விற்பனையாளர் இரண்டு கணினிகளை அருகருகே வைத்து, ஒன்றின் மூடியை விரல்மொழியால் தட்டிக்காட்டி, “இது மெற்றல் பொடி, தம்பி, கனகாலம் நிற்கும். மற்றது பிளாஸ்ரிக்தான்” என்பார். இதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் கூறுவதில்லை. கூறவேண்டிய தேவையும் ஏற்படுவதில்லை. கேட்பவர் மனத்தில் அவ்விரு சொற்களும் ஏற்கெனவே தீர்ப்புகளாக அமைந்துள்ளன.

இத்தீர்ப்புக்கு மாணவர் கொடுக்கும் விலை சிறிதன்று. 2020 மார்ச்சில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழிக்கு மாறிய காலந்தொட்டு, கணினி இல்லாத மாணவர் வகுப்பில் இல்லாத மாணவராகவே கருதப்படலாயினர். 2022 இன் முற்பகுதியில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கும் மேலே சென்றது. இறக்குமதிப் பண்டமாகிய மடிக்கணினி, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது அப்பொழுதேயாம். முன்னர் நான்காண்டுகளில் மாற்றலாம் என எண்ணி வாங்கிய கணினியைப் பட்டம் பெறும் வரையிலும், அதற்குப் பின் வேலை கிடைக்கும் வரையிலும் காப்பாற்ற வேண்டிய நிலை உருவாயிற்று. ஆகவே, எது நெடுங்காலம் உழைக்கும் என்ற வினா மாணவர் பலரது கல்வியோடு நேரடித் தொடர்புடையது. உலோகம் நிலைக்கும், பிளாஸ்ரிக் அழியும் என்ற பொதுக் கருத்து அவ்வினாவுக்குத் தகுந்த விடையாகுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

உலோகம் நிலைக்கும் என்ற எண்ணம் நம் சமூகத்தில் வேரூன்றியமைக்கு வலுவான வரலாற்றுக் காரணங்கள் உள. பொலன்னறுவையில் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இடம்பெற்ற சைவ வெண்கலத் திருவுருவங்கள், பல நூற்றாண்டுகள் மண்ணுள் கிடந்தும் வடிவு கெடாது வெளிவந்தவை. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடையில், தந்தையார் பொன்னம்பல முதலியார் அமைத்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கற்றளியாக மீளக் கட்டுவித்தமையும் இதே மனப்பாங்கின் வெளிப்பாடு எனலாம். நிலைக்க வேண்டியதை நிலைக்கும் பொருளாற் செய்தல் வேண்டும் என்பது நம்மவர் கொள்கை.

வீட்டுப் புழக்கத்திலும் இதே கொள்கை நிலவியது. யாழ்ப்பாணத்து வீடுகளில் மூக்குப்பேணி, செம்பு, தாம்பாளம், குத்துவிளக்கு முதலியன ஒரு தலைமுறையின் கையிலிருந்து மறு தலைமுறையின் கைக்குச் சென்றன. அம்மம்மா புழங்கிய செம்பு பேர்த்தியின் கையிலும் புழங்கியது. ஆயின், அச்செம்பு நெடுங்காலம் வாழ்ந்தமைக்குப் பித்தளையின் உறுதி மட்டும் காரணமாயிற்றா என்பது சிந்திக்கத்தக்கது. சமையலுக்குப் பயன்பட்ட பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் தேய்ந்தபோது மீண்டும் பூசுவித்தனர். களிம்பு ஏறியபோது புளியிட்டு மினுக்கினர். வாய் நெளிந்தபோது தட்டி நிமிர்த்துவித்தனர். இவற்றைச் செய்யும் தொழிலாளர் ஊரில் இருந்தனர். அவர்தம் கூலி புதிய பாத்திரத்தின் விலையைவிட மிகக் குறைவாக இருந்தது. இறுதியில் பாத்திரம் பயனற்றுப் போயினும் அதனை நிறுத்து விற்கலாம். அவசர வேளையில் ஈடுவைக்கலாம். உலோகத்தின் மதிப்பு இவ்வாறு பராமரிப்பினாலும் மாற்றுப் பெறுமதியினாலும் தாங்கப்பட்டது.

பிளாஸ்ரிக்கின் சமூக வரலாறு இதற்கு மாறானது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நம் வீடுகளுக்கு வாளியாகவும் கோப்பையாகவும் கதிரையாகவும் வந்தது. அது மலிவாக வந்தது. உடைந்தபோது அதனைத் திருத்துவதற்கென ஒரு தொழில் மரபு தோன்றவில்லை. ஆதலின் பிளாஸ்ரிக் என்ற சொல்லே ‘வீசத்தக்கது’ என்ற பொருளைத் தாங்கலாயிற்று.

மடிக்கணினிக் கடையில் நின்று உலோக மூடியைத் தடவிப் பார்ப்பவரின் விரல்களில் இவ்விரு வரலாறுகளும் தொழிற்படுகின்றன. ஆனால், செம்பைக் காத்த நிபந்தனைகள் எவையும் அலுமினிய மூடிக்கு வாய்ப்பதில்லை. அதற்கு ஈயம் பூசுவாரில்லை. அதை நிறுத்து விற்றால் கிடைப்பது அற்பத் தொகை. மூதாதையர் பித்தளைக்கு அளித்த நம்பிக்கையை, அதன் அடிப்படைகளை விடுத்து, மில்லிமீற்றர் கணக்கிலான மெல்லிய ஓட்டுக்கு நாம் வழங்கிவிட்டோம் என்றே கூறவேண்டும்.

3

இவ்வாறு கூறுவதனால் உலோகத்தின் இயல்பான சிறப்புகளை மறுப்பதாகக் கொள்ளலாகாது. பொருட்களின் இயல்பை முதலிற் செம்மையாக நோக்குதல் வேண்டும்.

விறைப்பை அளக்கும் யங்கின் மட்டு அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல். மடிக்கணினி ஓடுகளிற் பெருவழக்காயுள்ள ஏ.பி.எஸ்., பொலிகாபனேற்று ஆகிய பிளாஸ்ரிக் வகைகளுக்கு அது 2 முதல் 2.5 வரையே. ஒரே தடிப்பில் அலுமினியம் முப்பது மடங்கு அளவுக்கு வளைவை எதிர்க்கும். திரையைப் பின்னிருந்து அழுத்தும் புத்தகப் பையின் சுமையை உலோக மூடி சிறப்பாகத் தாங்குவதற்கு இதுவே காரணம். வெப்பத்தைக் கடத்துவதிலும் அலுமினியக் கலப்புலோகம் பிளாஸ்ரிக்கைவிடப் பல நூறு மடங்கு மேம்பட்டது. எடையில் மட்டும் பிளாஸ்ரிக் முந்துகிறது. ஒரு கனசென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம், மகனீசியம் 1.7 கிராம், மேற்கூறிய பிளாஸ்ரிக் வகைகள் 1.05 முதல் 1.2 கிராம் வரை. வெள்ளவத்தை அறையிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ இரவு பஸ்ஸிற் கணினியைச் சுமந்து செல்லும் மாணவர் இவ்வேறுபாட்டைத் தோளில் உணர்வர்.

குறைகளும் இரு பக்கத்திலும் உள்ளன. அலுமினியம் அடிபட்டால் நெளியும். நெளிந்தது தானாக மீளாது. மூலையில் விழுந்த உலோகக் கணினியின் விளிம்பு உள்நோக்கி மடிந்து திரைக் கண்ணாடியை அழுத்துவதும் உண்டு. பிளாஸ்ரிக் அவ்வடியை வளைந்து ஏற்று மீண்டுவிடக்கூடும். ஆனால், அது தொடர்ந்து சுமை தாங்கும்போது மெல்லத் தளரும், எண்ணெய்ப் பசையும் சில கரைப்பான்களும் பட்டால் அழுத்தமுள்ள இடங்களில் மயிரிழை வெடிப்புக் கொள்ளும், வெயிலில் மஞ்சளிக்கும்.

மடிக்கணினியின் வரலாறு இவ்விரு பொருட்களுக்கும் வெற்றியையும் தோல்வியையும் மாறிமாறி அளித்துள்ளது. 1982 இல் வெளிவந்த கிறிட் கொம்பஸ், ஆங்கில வடிவமைப்பாளர் பில் மொக்றிஜ் வகுத்த மகனீசியக் கலப்புலோக ஓட்டைக் கொண்டிருந்தது. விலை 8,000 டொலருக்கு மேல். அமெரிக்க விண்வெளி ஓடங்களிலும் அது பயணம் செய்தது. உலோகத்தின் பெருமைக்கு அது சான்று. ஆனால், 2001 இல் அப்பிள் நிறுவனம் தைற்றேனிய ஓட்டுடன் வெளியிட்ட பவர்புக் ஜி4, உலோகங்களுள் வலிமைக்குப் பெயர்போனதைத் தாங்கியும், பூச்சு உரிவதாலும் பிணைச்சல் முறிவதாலும் பெயர் கெட்டது. அதே நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வெண்ணிறப் பொலிகாபனேற்று மக்புக்கின் கை வைக்கும் பகுதியின் விளிம்பில், மூடியின் சிறு முனைகள் அழுத்திய இடத்தில், வெடிப்புக் கண்டமை பலரும் அறிந்தது. 2008 ஒக்ரோபரில் ஒற்றை அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த உடல் அறிமுகமானபோது, பிளாஸ்ரிக்கின் காலம் முடிந்தது எனப் பலர் முடிவு கட்டினர்.

ஆயினும், அதே 2006 இல் லெனோவோ வெளியிட்ட திங்பேட் டி60 வேறொரு பாடத்தைப் போதித்தது. அதன் வெளிப்புறம் கையிற் பிளாஸ்ரிக்காகவே உணரப்பட்டது. உள்ளே மகனீசியச் சட்டகம் ஒன்று உறுப்புகளைத் தாங்கியது. உலோகத்தை எங்கே காட்டினாற் பெருமை என்று கருதாமல், எங்கே வைத்தாற் பயன் என்று கருதிய வடிவமைப்பு அது. பொருள் எது என்பதிலும் அப்பொருள் எவ்விடத்தில் எதனைத் தாங்குகின்றது என்பதே முக்கியம் என்ற உண்மை இவ்வுதாரணங்களால் புலனாகின்றது.

4

இவ்வுண்மையைத் தெளிவாகக் காண்பதற்கு உகந்த இடம் பிணைச்சலாகும். திரையும் உடலும் சந்திக்கும் இடத்தில், உராய்வினால் திரையை வேண்டிய கோணத்தில் நிறுத்தும் இரு உருக்குப் பிணைச்சல்கள் உள்ளன. அவற்றைப் பிடித்து நிற்கும் திருகாணிகள், குறைந்த விலைக் கணினிகளில், பிளாஸ்ரிக் ஓட்டின் உட்புறத்து மேடைகளிற் புதைந்துள்ள சிறிய பித்தளைக் குழல்களுக்குள் இறங்குகின்றன. குழலின் உட்புறம் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் அதனைச் சூடாக்கிப் பிளாஸ்ரிக்குள் அமிழ்த்துவர். குளிர்ந்ததும் பிளாஸ்ரிக் அதனை இறுகப் பற்றும்.

மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கையின் விசை பிணைச்சல் வழியே இக்குழல்களுக்குச் செல்கின்றது. விசையைத் தாங்கும் பிளாஸ்ரிக் மேடையின் பரப்போ பெருவிரல் நகத்தின் அளவுதான். ஆண்டுகள் செல்லப் பிணைச்சலின் மசகு வரண்டு, தூசு சேர்ந்து, அது இறுகுகின்றது; திறப்பதற்கு மேலும் விசை வேண்டப்படுகின்றது. அதே காலத்தில், பித்தளையைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு விரிந்து சுருங்கும் பிளாஸ்ரிக், கணினி சூடேறி ஆறுந்தோறும் தன் பிடியைச் சிறிது சிறிதாக இழக்கின்றது. ஒருநாள் ‘டக்’ என்ற ஒலி கேட்கின்றது. பித்தளைக் குழல் பிளாஸ்ரிக்கையும் பெயர்த்துக்கொண்டு வெளியேறுகின்றது. அதனை அறியாது தொடர்ந்து திறந்து மூடினால் ஓட்டின் மூலை பிளந்து, திரைக்குச் செல்லும் கம்பியும் அறுந்துபோகும்.

இங்கு உடைந்தது எது? உருக்குப் பிணைச்சல் முழுமையாக இருக்கின்றது. பித்தளைக் குழலும் அவ்வாறே. ஓட்டின் பெரும்பகுதிக்கும் ஊறில்லை. உடைந்தது இவை மூன்றையும் இணைத்த இணைப்பு. வன்மையும் மென்மையும் சந்திக்கும் இடத்தில் வடிவமைப்பாளர் எவ்வளவு பொருளை ஒதுக்கினார், எத்தனை திருகாணிகள் இட்டார், சுமையை எவ்வளவு பரப்பிற் பகிர்ந்தார் என்பனவே அக்கணினியின் ஆயுளை நிர்ணயித்தன. தைற்றேனியப் பவர்புக்கின் பிணைச்சல் முறிந்தமையும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. முழுதும் உலோகமாயிருப்பினும் இணைப்பு மெலிந்தாற் பண்டம் மெலியும்.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. நடுத்தர விலையில் ‘மெற்றல் பொடி’ என விற்கப்படும் கணினிகள் பலவற்றில் மூடியின் புறத்தகடு மட்டுமே, அல்லது கை வைக்கும் மேற்றட்டு மட்டுமே அலுமினியமாகும், அடித்தளம் பிளாஸ்ரிக். கண்ணிற்படும் இடம் உலோகமாகவும், சுமை விழும் இடம் பிளாஸ்ரிக்காகவும் அமைந்த இக்கலப்பு, வாங்குபவர் எதற்காக மேலதிக விலை கொடுத்தாரோ அதனையே அவருக்கு வழங்கத் தவறுகின்றது.

5

இத்தவறு நீடிப்பதற்கு விளம்பர மொழியும் துணைபோகின்றது. இலக்கிய மாணவர் ஒரு செய்யுளின் சொல்லாட்சியை ஆராய்வதுபோல விளம்பரத்தின் சொல்லாட்சியையும் ஆராய்தல் தகும். ‘மெற்றல் பொடி’ என்னும் தொடரில் எவ்வுலோகம், எத்தடிப்பு, எப்பகுதி என்னும் மூன்றும் மறைக்கப்படுகின்றன. ‘பிரீமியம்’ என்பது அளக்கவியலாத பண்பு. அது பண்டத்தைப் பற்றிப் பேசுவதிலும் அதனை வைத்திருப்பவரின் தகுதியைப் பற்றியே கூடுதலாகப் பேசுகின்றது.

இவற்றைக் காட்டிலும் கவனத்துக்குரியது ‘மிலிற்றரி கிறேட்’ என்ற தொடராகும். இது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1962 இல் முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய, 810 என்ற இலக்கமுடைய சோதனை நியமத்தைச் சுட்டுவது. வெப்பம், ஈரப்பதன், அதிர்வு, வீழ்ச்சி, உப்பு மூட்டம் எனப் பலவகைச் சோதனைகளை அந்நியமம் விவரிக்கின்றது. ஆயின், அவற்றுள் எவற்றைச் செய்வது, எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிந்துகொள்ளலாம். கடைக்கு வரும் கணினிக்கு அத்திணைக்களம் சான்றிதழ் வழங்குவதுமில்லை. ஆகவே ஒரு கணினி அந்நியமத்தின்படி சோதிக்கப்பட்டது என்ற கூற்று உண்மையாக இருப்பினும், எந்தச் சோதனை என்ற வினாவுக்கு விடை கிடைக்கும்வரை அது முற்றுப்பெறாத கூற்றேயாகும். கடற்கரையில் வாழ்பவருக்கு உப்பு மூட்டச் சோதனை வேண்டும்; அதற்குப் பதிலாகத் தூசிச் சோதனையின் பெருமை கூறப்படுமாயின் அவருக்கு அதனால் விளையும் பயன் சிறிதே.

6

கொழும்பின் சூழலில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் கடலை நோக்கி இறங்குகின்றன. கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அண்டியது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் சராசரி வெப்பமும் மிகுந்த ஈரப்பதனும் உப்புக் காற்றும் இங்கு நிலவுகின்றன. அலுமினியத்தின் மேற்பரப்பில் இயல்பாகவும், மின்பகுப்பு முறையாற் செயற்கையாகவும் உண்டாக்கப்படும் ஒட்சைட்டுப் படலம் அதனைக் காக்கின்றது. அப்படலம் கீறுண்ட இடத்தில், வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள குளோரைட்டு உப்பு அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கவல்லது. உருக்குத் திருகாணியும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்னிரசாயன அரிப்பும் தொடங்கும். மகனீசியம் இவ்வகையில் அலுமினியத்தினும் எளிதிற் பாதிப்புறுவது. இவ்வொரு நோக்கில், துருவேறாத பிளாஸ்ரிக் கடலோர வாசிக்கு நல்ல துணையாகின்றது.

எனினும், ஓடு எதுவாயினும் அதற்கு முன்னரே பழுதடையும் உறுப்புகள் பல உள. மின்கலம், மின்விசிறி, விசைப்பலகை, மின்னூட்டும் துளை என்பன அவற்றுட் சில. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, மாணவருக்குத் தேவைப்பட்டது உறுதியான மூடியன்று, சில மணிநேரம் தாங்கும் மின்கலமே. அதனை எளிதில் மாற்றவியலுமா என்பதில் வடிவமைப்பாளர்கள் இருவேறு வழிகளிற் சென்றுள்ளனர். மேற்கூறிய டி60 இல் மின்கலத்தை வெளியிலிருந்தே கழற்றலாம், நினைவகத்தைக் கூட்டலாம், பிரித்துப் பூட்டும் முறையை விளக்கும் கைந்நூலையும் நிறுவனம் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தது. மாறாக, 2012 இல் வெளிவந்த ரெற்றினா மக்புக் புரோவில் மின்கலம் பசையால் உடலோடு ஒட்டப்பட்டது. நினைவகம் தாய்ப்பலகையிற் பற்றாசு வைத்துப் பொருத்தப்பட்டது. அலுமினிய உடல் பல்லாண்டு நிலைக்கலாம். உள்ளேயிருப்பதைத் திருத்தவியலாதபோது அந்நிலைபேற்றால் ஆவதென்ன?

பிரச்சினை உலோகத்தில் இல்லை என்பதற்கும் சான்றுண்டு. 2021 இல் அமெரிக்காவில் வெளிவந்த பிரேம்வேர்க் மடிக்கணினி அலுமினிய ஓடுடையது. பெட்டியோடு தரப்படும் ஒரே திருப்புளியால் அதனைத் திறந்து உறுப்புகளை மாற்றலாம். மறுபுறம், ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்னும் திட்டத்திற்காக 2007 இல் உற்பத்தியான எக்ஸ்ஓ கணினி முழுதும் பிளாஸ்ரிக்காலானது. அதன் சுவர் 2 மில்லிமீற்றர் தடிப்புக் கொண்டது. விசைப்பலகை நீர் புகாத றப்பர்ச் சவ்வினாலானது. சாதாரண திருப்புளியாற் பிரிக்கத்தக்கது. இலங்கையின் சில ஆரம்பப் பாடசாலைகளிலும் அது பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டது. சிறுவர் கையில் விழுந்தெழும் என்ற எதிர்பார்ப்போடு வகுக்கப்பட்ட பண்டத்துக்குப் பிளாஸ்ரிக்கையே வடிவமைப்பாளர் தெரிந்தெடுத்தமை கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2011 செப்ரெம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கீழ்ப் பல இலட்சம் மாணவர் பெற்றவையும் பிளாஸ்ரிக் உடலினவே. பிளாஸ்ரிக்கின் மலிவு இல்லையேல் அவர்களுட் பலருக்குக் கணினியே கிடைத்திராது என்பதையும் மறத்தலாகாது.

பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி முதலிய பண்டங்களை விற்போர், அவற்றை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை புள்ளி என விலையருகே குறிப்பிடவேண்டும் எனச் சட்டம் விதித்தது. கைந்நூல் கிடைக்கின்றதா, பிரிப்பது எளிதா, உதிரிப்பாகங்கள் கிடைக்கின்றனவா, அவற்றின் விலை என்ன என்பன அப்புள்ளிக்கு அடிப்படையாயின. ஓடு உலோகமா பிளாஸ்ரிக்கா என்ற வினாவுக்கு அங்கு தனிப்புள்ளி இல்லை.

7

உலோகத்தின் சார்பாளர் இவ்விடத்தில் ஒரு வலுவான தடையை எழுப்பலாம். பயன் முடிந்தபின் அலுமினியத்தை உருக்கி மீளப் பயன்படுத்தலாம். அதற்கு, தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே போதும். பிளாஸ்ரிக்கோ அழியாத கழிவாகின்றது. கொழும்பு மக்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணைகள் கடலிற் கலந்து மேற்குக் கரையோரத்தில் ஒதுங்கின. எந்தப் பண்டமாகவும் உருப்பெறாமலே, எவருக்கும் ஒருநாளேனும் பயன்படாமலே, அவை மணலோடு மணலாயின.

இத்தடை நேர்மையானது; ஏற்கத்தக்கது. ஆயின் அது இக்கட்டுரையின் கருத்தை மேலும் தெளிவாக்கவே உதவுகின்றது. பொருளின் நிலைபேறு வேறு, பண்டத்தின் பயன் நிலைபேறு வேறு. குருணையாய்க் கிடக்கும் பிளாஸ்ரிக் தலைமுறைகள் கடந்தும் நிலைக்கும். அதனாற் செய்த பிணைச்சல் மேடை நான்காண்டில் உடையும். மண்ணுட் கிடந்த வெண்கலத் திருவுருவம் பிழைத்தது. உலைக்களத்துக்குச் சென்றதோ உலோகமாக நிலைத்து, உருவமாக அழிந்தது. மேலும், ஒரு மடிக்கணினியின் ஆயுளில் சுற்றாடலுக்கு நேரும் பாதிப்பின் பெரும்பகுதி அதனை உற்பத்தி செய்யும்போதே நிகழ்ந்துவிடுகின்றது. ஆதலின், உருக்குவதற்கு ஏற்ற கணினியை அடிக்கடி வாங்குவதிலும், எதனாற் செய்ததாயினும் ஒரு கணினியை இருமடங்கு காலம் பயன்படுத்துவதே மேலானது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ‘உலோகமா, பிளாஸ்ரிக்கா’ என்ற வினா மடிக்கணினியின் ஆயுளை அறிவதற்குப் போதாத வினா என்பது பெறப்படும். அது முற்றிலும் பொருளற்றதுமன்று. விலையும் பிற பண்புகளும் ஒத்திருப்பின், சட்டகத்திலும் பிணைச்சல் தளத்திலும் உலோகமுடைய கணினியே சிறந்தது. ஆனால், மூடியில் மட்டும் பளபளக்கும் உலோகத்துக்காகக் கடன்படுதல் அறிவுடைமையாகாது. அம்மேலதிகத் தொகை, ஒரு புதிய மின்கலத்துக்கும் பின்னொருநாள் நேரும் பிணைச்சற் பழுதுக்கும் கைக்காவலாக இருக்கக்கூடியது.

மூடியைத் தட்டிப் பார்க்கும் மாணவர் அதனைத் திருப்பி அடிப்புறத்தையும் நோக்குதல் வேண்டும். அடித்தகடு திருகாணிகளாற் பூட்டப்பட்டுள்ளதா, அன்றிப் பசையால் ஒட்டப்பட்டுள்ளதா? மின்கலத்தையும் நினைவகத்தையும் மாற்றலாமா? பிணைச்சல் எதன்மேற் பூட்டப்பட்டுள்ளது? அம்மாதிரிக்குரிய உதிரிப்பாகம் கொழும்பிற் கிடைக்குமா? இவ்வினாக்களுக்கு விற்பனையாளரைக் காட்டிலும் திருத்துநரே நம்பத்தகுந்த விடை கூறுவர். எந்த மாதிரியின் எந்த மூலை உடைந்து வருகின்றது என்பதை நாள்தோறும் காண்பவர் அவரேயாவர். பெயர்ந்த பித்தளைக் குழலை மீண்டும் பதித்து, உறுதியான பசையிட்டு, தேவையாயின் அடிப்புறத்திலிருந்து நீண்ட திருகாணி ஒன்றை ஊடுருவச் செலுத்திப் பிணைச்சலை நிலைநிறுத்தும் கைகள் இந்நகரத்தில் உள்ளன. ஈயம் பூசியோரின் இடத்தில் இன்று நிற்பவர்கள் அவர்களே. ஆயினும், உலோகத்துக்கு நாம் அளிக்கும் மதிப்பில் ஒரு சிறுபங்கைத்தானும் அவர்தம் தொழிலுக்கு அளிப்பதில்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கணினி இன்றிக் கற்கவியலாது என்ற நிலையை ஏற்படுத்திய நிறுவனங்கள், பழுதுற்ற கணினியோடு நிற்கும் மாணவரை அவர்தம் குடும்பத்தின் வசதிக்கு விட்டுவிடுதல் முறையாகாது. பீடந்தோறும் ஒரு சிறு திருத்தகமும், தவணைக்கு ஒருமுறை பயிற்சிப் பட்டறையும், உதிரிப்பாகங்களைக் கூட்டாக வாங்கும் ஏற்பாடும் அமையுமாயின், பிளாஸ்ரிக் கணினி வாங்க மட்டுமே வசதியுள்ள மாணவரும் தம் பட்டத்தை அதே கணினியில் எழுதி முடிக்கலாம். மாணவர் சங்கங்கள் முதலடி எடுத்துவைப்பதற்கு இப்பணியினும் ஏற்றது வேறில்லை.